தயிர்சாதம் தாங்கும் பை

அலுவலகத்தில் என் வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளை உடைத்துப் பார்ப்பது. எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினால் திரை உறைந்து நிற்கும் என்று யோசிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதனால் ஒரு பையைத் தைத்தபோதும், அது அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், எப்படியெல்லாம் அது தோற்கும் என்று பட்டியல் போட உட்கார்ந்துவிட்டேன்.

பை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு சாண்ட்விச் போகிற அளவு, பக்கத்தில் ஒரு கைப்பிடி வறுவலுக்கு இடம். திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்து கழக்கூட்டம் வரை தினமும் பேருந்தில் போகிறேன். காலையில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. ரொட்டியை ஒரு பிளாஸ்டிக் கவரிலும் கடலையை இன்னொரு கவரிலும் போட்டு எடுத்துப்போவேன். ஒருநாள் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். வீசலாம் வீசலாம் என்று திணித்து வைத்திருந்த கவர்கள் மொத்தமும் உயிர் வந்ததுபோல மேலே பொங்கின. எண்ணினேன். அறுபத்து மூன்று.

அன்று சாயங்காலமே பழைய பருத்திச் சுடிதார் ஒன்றை வெட்டி, அம்மாவின் மெஷினில் முதல் பையைத் தைத்தேன். ஒரு ஓரம் மேலே ஏறி, இன்னொரு ஓரம் கீழே இறங்கி, கோணலாக வந்தது. மறுநாள் அதில் ரொட்டியை எடுத்துப்போய்ச் சாப்பிட்டேன். பையை ஜன்னலுக்கு வெளியே ஒரு உதறு உதறி, நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீசுவதற்கு ஒன்றுமே இல்லை! இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தோஷம் நிஜம். அந்த வாரம் மட்டும் ஐந்து பை தைத்தேன்.

"ஐடில உத்யோகம்னு பேரு. ஆத்துக்கு வந்தா தையக்கடை," என்றாள் அம்மா. அவள் அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடம்தான் ஆகிறது. மேற்பார்வை பார்க்க வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள் என் சிநேகிதி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. இப்போது நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தவள், கொடியில் காய்ந்துகொண்டிருந்த பையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல சாண்ட்விச் கொள்ளுமா டீ?"

"ரெண்டு."

"எனக்கு நாப்பத்திநாலு பை வேணும். மூணு வாரம் டைம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள்.

வருடத்துக்கு ஒருமுறை அவள் தன் வகுப்புப் பிள்ளைகளைப் போனக்காட்டுக் காட்டுப்பக்கம் ஒருநாள் கேம்ப் கூட்டிப்போவாள். பள்ளியில் அவள் தானே கேட்டு வாங்கி, தானே நடத்துகிற ஒரே காரியம் அது. மலையேறும் வழியில் வனத்துறையின் செக்போஸ்ட் ஒன்று இருக்கிறது. உள்ளே கொண்டுபோகிற பிளாஸ்டிக் ஒவ்வொன்றையும் எண்ணி ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். வெளியே வரும்போது அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். போன வருடம் உள்ளே போனது நூற்று முப்பத்தொன்று. வெளியே வந்தது நூற்று முப்பது. அந்த ஒரு கவரைத் தேடி, நாற்பது பிள்ளைகளோடு மழையில், அட்டைக்கடியில், வந்த வழியே திரும்ப நடந்திருக்கிறாள். கவர் கிடைக்கவில்லை. பேருந்து இரண்டரை மணி நேரம் தாமதம். பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியை அன்று எல்லோர் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு, இன்னொரு தடவை எண்ணிக்கை பிசகினால் கேம்ப் என்கிற பேச்சே இந்தப் பள்ளியில் இருக்காது என்று சொல்லியிருக்கிறார்.

"நான் எழுதியே குடுத்துட்டேன் டீ. இந்த வருஷம் பிளாஸ்டிக் ஒண்ணுகூட உள்ள போகாது, எல்லாம் துணிப்பைன்னு. எழுதிக் குடுத்தப்பறம்தான் பை எங்கேன்னு யோசிச்சேன்."

"எழுதறதுக்கு முன்னாடி யோசிக்கப்படாதா?"

"பின்னே? நீ இருக்கியே, அல்லே?"

மறுப்பதற்கு எனக்கு வழி இல்லை. உண்மையைச் சொன்னால், மறுக்க ஆசையும் இல்லை. நாற்பது பிள்ளைகள், நான்கு பெரியவர்கள், ஆக நாற்பத்து நான்கு பேர் ஒரே நேரத்தில் என் பையைத் திறக்கப் போகிறார்கள். அலுவலகத்தில்கூட ஒரு பொருள் அத்தனை பேர் கைக்கு ஒன்றாகப் போவதை நான் நேரில் நின்று பார்த்ததில்லை. அவள் தெருமுனை தாண்டுவதற்குள் நோட்டைத் திறந்து எழுதிவிட்டேன்:

தயிர்சாதம் ஒழுகக் கூடாது.
எண்ணெய் வெளியே தெரியக் கூடாது.
சாயம் போகக் கூடாது.
குழந்தை ஒரு கையால் திறக்க வேண்டும்.
பத்துமுறை துவைத்தாலும் தையல் விடக் கூடாது.
நேற்றைய வாசனை இன்றைய ரொட்டியில் வரக் கூடாது.

முதல் வரியை எழுதும்போது கை தயங்கவே இல்லை. எங்கள் வீட்டில் பயணம் என்றால் தயிர்சாதம்தான். ரயிலோ, பேருந்தோ, பரீட்சையோ, ஆஸ்பத்திரியோ. கடையில் புது டிபன் பாக்ஸ் பார்த்தால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "தயிர்சாதம் நிக்குமா?"

வெறும் பருத்தியில் தயிர்சாதம் நிற்காது. தேடினேன். குழந்தைகளுக்கான துணி நாப்கினில் உள்ளே வைத்துத் தைக்கிற ஒரு துணி இணையத்தில் கிடைத்தது. ஒரு பக்கம் மெத்தென்று, மறுபக்கம் வழவழவென்று. நீர் புகாத துணி என்று போட்டிருந்தது. துணி என்று போட்டிருந்ததா? போட்டிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. வெளிப்பக்கத்துக்குச் சாலைக் கடைத்தெருவில் புள்ளி போட்ட பருத்தி எடுத்தேன். வாய்க்கு வெல்க்ரோ.

மாதிரிப் பை ஒன்றைத் தைத்து, அம்மா பார்க்காத நேரத்தில் இரண்டு கரண்டி தயிர்சாதத்தை அதில் போட்டு, சமையலறைக் குழாயில் தொங்கவிட்டேன். காலை எட்டு மணிக்குத் தொங்கியது. மத்தியானம் ஒரு மணிக்கும் அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. நான் கைதட்டியேவிட்டேன். சத்தம் கேட்டு அம்மா வந்தாள்.

"என்னடீ அது குழாயில?"

"டெஸ்ட்."

அவள் எட்டிப் பார்த்தாள். "துணியில தயிர்சாதமா? ஐயோ ராமா! பத்துடீ! இதப்போயி மத்த துணியோட தோய்க்கப்போறியா?"

எங்கள் வீட்டில் சமைத்த சோறு பட்டதெல்லாம் பத்து. கை கழுவாமல் அதைத் தொட்டு வேறொன்றைத் தொடக்கூடாது. என் பட்டியலில் அம்மாவின் பெயரில் ஏழாவது வரி சேர்ந்தது: தனியாகத் தோய்க்க வேண்டும். ஆனால் பை தேறிவிட்டது. ஆறு சோதனைக்கு ஆறும். அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டு வாரம். காலையில் பேருந்துக்கு முன்னால் வெட்டுவேன், சாயங்காலம் தைப்பேன். ஒரு நாளைக்கு மூன்று பை. சில நாள் நான்கு. ஒவ்வொரு பை முடியும்போதும் அதைக் கையில் பிடித்துக் கசக்கிப் பார்ப்பேன். உள்துணி மெலிதாகச் சரசரக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது, புது நோட்டைப் புரட்டுவதுபோல. வியாழக்கிழமை காலை நாற்பத்தொரு பை கட்டிலில் அடுக்கியிருந்தது. சனிக்கிழமை விடிகாலை பேருந்து. மூன்று பைக்கு மட்டும் உள்துணி குறைந்துவிட்டது. இணையத்தில் வரவழைக்க நேரமில்லை. அன்று வீட்டிலிருந்து வேலை என்பதால், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு முடிந்த பையையும் கைப்பையில் போட்டுக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

புள்ளித் துணி எடுத்த கடையின் அண்ணாச்சி நாகர்கோவில் பக்கத்துக்காரர். கடைக்கு இரண்டாம் தடவை வருகிறவர்களை எல்லாம் சொந்தக்காரர்களாக ஆக்கிவிடுவார்.

"வா மக்ளே. பை தச்சாச்சா?"

"நாப்பத்தொண்ணு ஆச்சு அண்ணாச்சி. உள்ள வைக்க இந்த மாதிரித் துணி இருக்குமா? ஒரு அரை மீட்டர்."

பையைக் கொடுத்தேன். அவர் பையின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு உள்துணியைத் தடவினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு நகக்கண் அளவைக் கத்தரியால் நறுக்கி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் கிழித்தார். எந்தத் துணிமேல் சந்தேகம் வந்தாலும் அந்தக் கடையில் அதுதான் வழக்கம். இழை சாம்பலானால் பருத்தி. உருண்டால் வேறு.

என் துண்டு எரியவில்லை. சுருங்கியது, பளபளத்தது, கருப்பாக ஒரு கடுகு அளவுக்கு உருண்டது. மூக்கில் ஏறிய நாற்றம் எனக்கு நன்றாகத் தெரிந்த நாற்றம்தான்.

"உருண்டுட்டுல்லா? பாத்துக்கோ. இது துணியில்ல மக்ளே. துணி மேல பிளாஸ்டிக்கு பூசிருக்கான். தண்ணி எறங்கப்படாதுன்னா பின்ன என்னத்தப் பூசுவான், சந்தனமா?"

"எல்லாமே இதுதான் அண்ணாச்சி. நாப்பத்தொண்ணும்."

"அதுக்கென்ன, நல்லாத்தானே தச்சிருக்கே? கல்லுமாதிரி கெடக்கும்."

"பிளாஸ்டிக்கே கூடாதுன்னுதான் பையே தச்சது."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். அடக்க முடியாமல், வயிறு குலுங்க. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரையும் கூப்பிட்டு, "எலே, இங்க கேட்டியா" என்று முழுவதையும் திரும்பச் சொன்னார். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. காதில் ஏதோ ஓ என்று இரைந்தது.

சாலைக் கடைத்தெருவிலிருந்து பழவங்காடிவரை நடந்தது நினைவில்லை. கணபதி கோயில் முன்னால் வரிசையாகச் சிதறுகாய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றுதான் சிநேகிதிக்குப் போன் செய்தேன். அவளுக்கு அது இடைவேளை நேரம். நான் சொல்லி முடித்ததும் ஒரு தேங்காய் உடையும் சத்தம், இன்னொரு தேங்காய் உடையும் சத்தம்.

"இருக்கியா டீ?"

"இருக்கேன். நாப்பத்தொண்ணு பிளாஸ்டிக் பையா தச்சிருக்கேன்னு சொல்றியா?"

"மேல துணி. உள்ள பூச்சு."

"செக்போஸ்ட்ல மேல துணி உள்ள துணின்னு பாப்பாங்களா? ஒண்ணு விடாம எண்ணுவாங்க. அதுலயும் ஏதாவது பிள்ளை ஒரு பையக் காட்டுல விட்டுட்டு வரும். ஐயோ, நான் ஹெச்செம்முக்கு எழுதிக் குடுத்திருக்கேன். கையெழுத்துப் போட்டு."

"தயிர்சாதம் நிக்கணும்னுதான்..."

"எந்தா?"

"தயிர்சாதம் ஒழுகக் கூடாதுன்னுதான் அந்தத் துணி எடுத்தேன்."

மறுபடி தேங்காய்.

"யாருடீ தயிர்சாதம் கொண்டுவரா?" என்றாள் மெதுவாக. "சாண்ட்விச்சுக்கு அல்லே பை கேட்டேன்? நாப்பது பிள்ளைல ஒண்ணுகூட நம்ம தெருப் பிள்ளை இல்லே. எந்தப் பிள்ளை துணிப்பைல தயிர்சாதம் கொண்டுவந்து கையால அள்ளித் திங்கும்?"

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வருகிற இடத்தில் வந்த சிரிப்பு. எனக்கும் வந்தது. கோயில் வாசலில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். கேட்டது சாண்ட்விச் பை. நான் சோதித்தது தயிர்சாதப் பை. அலுவலகத்தில் ஒரு புதிய ஆள் இதைச் செய்திருந்தால், கேட்டதைப் படித்துப் பார்த்தாயா என்று முதல் கேள்வியிலேயே மடக்கியிருப்பேன்.

சிரித்து முடித்ததும், ஆச்சரியமாக, தலை தெளிந்துவிட்டது. முதல் வரியை அடித்துவிட்டால் அந்த வழவழத் துணியே வேண்டாம். உள்ளே வெறும் காடா போதும், வெளுக்காத கனத்த பருத்தி. திரும்பி ஓடினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

"காடாத் துணி அண்ணாச்சி. எட்டு மீட்டர். கொளுத்திக் காட்டிட்டுக் குடுங்க."

"இப்பதான் வியாபாரம் படிச்சிருக்கே!" என்று சொல்லி, ஒரு இழையை உருவிக் கொளுத்தி, சாம்பலை என் உள்ளங்கையில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கட்டிலில் அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "உள்துணி மட்டும்தானா? மத்ததெல்லாம் பாத்தியோ?"

பார்க்கவில்லை. அடுப்பு மேடையில் நின்று ஒவ்வொன்றாகக் கொளுத்தினோம். புள்ளித் துணி: சாம்பல். வெல்க்ரோ: உருண்டது. தைத்த நூல்: உருண்டது. நூல்! நாற்பத்தொரு பையிலும் ஓடுகிற நூல் பாலியஸ்டர். நான் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அம்மா தீக்குச்சியை ஊதி அணைத்தாள்.

"எப்படியும் எல்லாத் தையலையும் பிரிக்கத்தானே போறோம்? நூல் தன்னால போயிடும். இதுக்குப்போயி மூஞ்சிய இப்படி வெச்சுண்டு."

போறோம் என்றாள். நான் அதைக் கவனித்தேன்.

சாயங்காலம் சிநேகிதி பள்ளியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள், கையில் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவலோடு, எங்கள் ஊரில் ஏத்தங்காய் உப்பேரி. பிளாஸ்டிக் பொட்டலம். அம்மா அதைச் சுட்டிக்காட்டி, "முதல்ல இத எண்ணி எழுதுங்கோ," என்றாள். மூவரும் கூடத்தில் உட்கார்ந்து பிரித்தோம். முதல் பைக்குப் பதினோரு நிமிடம். நேரம் குறித்து, நாற்பத்தொன்றால் பெருக்கி, மூன்றால் வகுத்து, பத்து மணிக்குள் முடியும் என்று சொன்னேன். "பேசாம பிரி," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். பத்தாவது பைக்கு மேல் கை பழகி ஆறு நிமிடமாகிவிட்டது. ஒன்பது மணிக்கு முன்பே கூடம் முழுக்க நூல்பிசிறு, ஒரு மூலையில் வழவழத் துணிகளின் குவியல்.

வெல்க்ரோ இல்லாமல் வாயை எப்படி மூடுவது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. நான் நாடா என்றேன். குழந்தைகள் முடிச்சுப் போட்டுவிடுவார்கள் என்றாள் சிநேகிதி. மரப்பொத்தான் என்றேன். நாற்பத்து நான்கு காஜா யார் எடுப்பது என்றாள். நான் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தபோது அம்மா உப்பேரியை மென்றுகொண்டே, "தலகாணி உறைக்கு என்ன பூட்டா போட்டிருக்கு? தலகாணி வெளில வந்து விழறதா?" என்று குத்தலாகக் கேட்டாள்.

நானும் சிநேகிதியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தலையணை உறைக்கு வாய் ஓரத்தில் ஒரு மடிப்பு உள்ளே திரும்பியிருக்கும். செருகினால் மூடிக்கொள்ளும். பூட்டு இல்லை, பொத்தான் இல்லை. ஐந்து விரற்கடை துணி கூடுதலாக விட்டால் போதும். எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "விடுடீ, எண்ணெய்க் கை," என்றாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். காலையில் பருத்தி நூல் வாங்கினேன், எரித்துப் பார்த்துத்தான். மெஷினுக்கு அந்த நூல் பிடிக்கவில்லை. நாலு அங்குலத்துக்கு ஒருமுறை அறுந்தது. மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன், ஊசியை மாற்றினேன், வேகத்தைப் பாதியாக்கினேன். பன்னிரண்டாம் முயற்சியில் நேராக ஓடியது. அதன்பிறகு நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா காடாவை வெட்டி வெட்டித் தந்தாள். தட்டில் சோறு வந்தது. சோற்றைத் தொட்ட கையால் பையைத் தொடக்கூடாது என்று அவளே ஸ்பூனையும் கொண்டுவந்து வைத்தாள்.

முதல் புதுப் பையில் சாண்ட்விச் வைத்துப் பார்த்தோம். வெண்ணெய் தடவியது, தேறியது. வெள்ளரிக்காய், கொஞ்சம் ஈரம், பரவாயில்லை. தேங்காய்ச் சட்னி தடவியது நாற்பதே நிமிடத்தில் வெளியே எட்டிப் பார்த்தது. பத்து நாள் முன்னால் என்றால் பையை மாற்ற யோசித்திருப்பேன். இப்போது சிநேகிதிக்குப் போன் செய்து, சட்னி வேண்டாம் என்றேன். அவள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: சட்னி, சாஸ், குழம்பு எதுவும் வேண்டாம், வெண்ணெய், முட்டை, உருளைக்கிழங்கு ஆகலாம். ஐந்து நிமிடத்தில் நாற்பது பதில். நூடுல்ஸ் ஆகுமா என்று ஒரு அம்மா. நெய் ரோஸ்ட் மடித்து வைக்கலாமா என்று ஒரு அப்பா. என் பிள்ளை ரொட்டியே தின்ன மாட்டான், புட்டு அனுப்பட்டுமா என்று இன்னொருத்தர். புட்டு! அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு ஒரு தையல் கோணிவிட்டது.

இரவு எட்டே காலுக்கு நாற்பத்து நான்காவது பை முடிந்தது. புள்ளித் துணி போதாமல் அது மட்டும் அம்மாவின் பழைய பருத்திப் புடவை முந்தானையில் தைத்தது. மெஷினை மூடும்போது என் வலது தோள் மரத்துப்போயிருந்தது. ஆனால் மடித்து மூட்டை கட்டிய பைகளைத் தூக்கியபோது எவ்வளவு லேசாக இருந்தன!

சனிக்கிழமை என்னையும் கூடவரும் பெரியவர்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டாள். விதுரா தாண்டி, பேருந்து தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறியது. குழந்தைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் பாடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நூலு?" என்றாள்.

"பருத்தி."

"வாய்?"

"தலகாணி உறை."

"ஓரத்துல லேபிள்?"

"லேபிளே இல்லை."

மூன்று நிமிடம் கழித்து மறுபடி, "நூலு?"

செக்போஸ்டில் இருந்த வாச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர் என்று பேசத் தொடங்கியதுமே தெரிந்தது. குறுக்குக் கம்பத்துக்கு இந்தப்பக்கம் ஒரு மேசை, அதன்மேல் ரிஜிஸ்டர். பேருந்தில் ஏறி முன்வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"டீச்சரே! கழிஞ்ச வருஷம் ஒத்தக் கவருக்காக மழையில திரிஞ்ச ஆளுல்ல நீங்க?"

"அதே ஆள்தான் சேட்டா. இந்தத் தடவை கவரே இல்லே."

"எல்லாருமே அப்படித்தான் சொல்லுறாங்க. எறங்குங்க, பாப்போம்."

குழந்தைகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு பையை நீட்டினார்கள். தண்ணீருக்கு எல்லோரிடமும் ஸ்டீல் பாட்டில். மழைக்குக் குடை. அவற்றை அவர் பார்வையாலேயே தாண்டினார். பையை மட்டும் வாங்கி, திறக்காமல், காதருகே கொண்டுபோய் மெல்லக் கசக்கினார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"என்ன பண்றீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"கவரு இருந்தா கத்தும்மா. கண்ண ஏமாத்தலாம், காத ஏமாத்த முடியாது."

வியாழக்கிழமை காலை கட்டிலில் கிடந்த நாற்பத்தொரு பைகளும் எப்படிக் கத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் பை: சத்தமில்லை. இரண்டு, மூன்று, பத்து. ஒவ்வொன்றையும் கசக்கித் திருப்பிக் கொடுத்தார். இருபத்தேழாவது பை ஒரு குட்டிப்பெண்ணுடையது. கசக்கினார். சரசர என்றது.

சிநேகிதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

வாச்சர் பையின் மடிப்பை விலக்கி உள்ளே கைவிட்டார். சாண்ட்விச்சைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் தாள். அந்தப் பெண் பயந்துபோய், "அம்மா சுத்தித் தந்தது. பட்டர் பேப்பர்," என்றாள் மலையாளத்தில். அவர் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கிழிந்தது. கிழிந்த ஓரத்தில் பஞ்சுபோல நார்.

"பேப்பர்தான். போ மோளே."

என் மணிக்கட்டுக்கு ரத்தம் திரும்பி வந்தது.

நாற்பத்து நான்கும் முடிந்தன. கடைசிப் பையை மட்டும் உட்புறம் வெளியே திருப்பி, தையலை நகத்தால் கீறி, நூலைப் பார்த்தார். பிறகு மேசைக்குப் போய் ரிஜிஸ்டரைத் திறந்தார். பள்ளியின் பெயர், ஆட்கள் எண்ணிக்கை, வண்டி எண். பிளாஸ்டிக் என்று தலைப்பிட்ட கட்டத்தில் அவர் பேனா ஒரு நொடி நின்றது. குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைச் சிநேகிதி அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். போய்ப் பார்த்தவள் குழந்தைகளைவிடச் சத்தமாகக் கூவினாள்.

அதுவரை அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. பாறைமேல் ஏறி நின்று பாடம் சொன்னாள், மூங்கிலை முகர்ந்து பார்க்கச் சொன்னாள், எதையோ பார்த்து மூன்று நிமிடம் நாற்பது பேரையும் மூச்சுவிடாமல் நிற்கவைத்தாள். நான் ஓடைக்கரையில் உட்கார்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் என் பைகளைத் திறப்பதைப் பார்த்தேன். குறைகள் வந்துகொண்டே இருந்தன. ரொட்டி ஓரம் காய்ந்துவிட்டது என்றான் ஒருவன். உருளைக்கிழங்கு எண்ணெய் வெளியே வட்டமாக ஊறியிருந்தது. மடிப்பு ஆழமாக இருப்பதால் வறுவலின் கடைசித் துண்டு சிக்கிக்கொள்கிறது என்று ஒருத்தி ஆதாரத்தோடு காட்டினாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அலுவலகத்தில் குறை எழுதும்போது இவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை. தின்று முடித்தவர்கள் பையை உதறினார்கள். எறும்புக்கு ரொட்டித்தூள். வேறொன்றும் கீழே விழவில்லை.

மாலை நாலு மணிக்கு மறுபடி செக்போஸ்ட். பேருந்து நின்றதும் அவள் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். வாச்சர் ஏறவே இல்லை. நாற்காலியில் இருந்தபடி, "ஆளெல்லாம் இருக்கா டீச்சரே?" என்று கேட்டார். பிள்ளைகளின் தலைகளை எண்ணினாள். நாற்பது. கம்பம் மேலே போனது.

விதுரா வந்ததும் போனில் சிக்னல் வந்தது, கூடவே தலைமையாசிரியையின் அழைப்பும் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். மலையாளத்தில்தான் பேசினார்கள். எங்கே நிறுத்திவைத்திருக்கிறார்கள், எத்தனை குறைகிறது, பெற்றோருக்கு நான் என்ன சொல்லட்டும் என்று அந்தப்பக்கம் ஒரே மூச்சில் கேட்டார்.

"யாரும் நிறுத்தலை மேடம். விதுரா வந்தாச்சு. அஞ்சரைக்கு ஸ்கூல்ல இருப்போம்."

"அப்போ எண்ணவே இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, வாய் காதுவரை விரிந்திருந்தது.

"எண்ணறதுக்கு ஒண்ணும் இல்லை மேடம்," என்றாள்.